பூல் மேசை சரியாக ஆடவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

பில்லியர்ட் வகை ஆட்டமான பூலுக்குரிய மேசை ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்த அடுக்குகளால் ஆனது. தரையின் மேல் கால்கள், கால்களின் மேல் மரச் சட்டகம், சட்டகத்தின் மேல் ஸ்லேட் கற்பலகைகள், ஸ்லேட்டின் மேல் இழுத்துக் கட்டிய துணி, விளிம்புகளில் ரப்பர் குஷன் ஒட்டிய மரச் சட்டங்களான ரெயில்கள், ரெயில்களுக்கு இடையே இடைவெளி விட்ட இடங்களில் பந்து விழும் பாக்கெட்டுகள். கீழே எந்த அடுக்கில் குறை இருந்தாலும், அது மேலே உள்ள அடுக்குகளைக் கடந்து பந்தின் ஓட்டத்தில்தான் வெளிப்படுகிறது. அதனால்தான் சட்டகம் தொய்ந்த மேசைக்குப் புதுத் துணி போடுவதும், போல்ட் தளர்ந்த ரெயிலுக்குப் புது ரப்பர் ஒட்டுவதும் இவ்வளவு அடிக்கடி நடக்கின்றன. பணம் செலவாகிறது, குறை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

காரணத்தைத் தேடும்போது மேலிருந்து கீழே செல்ல வேண்டும். ஏனெனில் பந்தையும் துணியையும் சோதிக்க எதையும் கழற்ற வேண்டியதில்லை. சரிசெய்யும்போது கீழிருந்து மேலே வர வேண்டும். ஏனெனில் சட்டகத்தை அசைத்தால் ஸ்லேட்டின் மட்டம் கலையும், ஸ்லேட்டை அசைத்தால் அதன் இணைப்புகளில் பூசிய மெழுகு விரிசல் விடும், ரெயிலைக் கழற்றினால் பாக்கெட் வாயின் அளவு மாறும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு அறிகுறிக்கும் இந்த வரிசையே பொருந்தும்.

அளவுகளுக்கு உலகப் பூல் பில்லியர்ட் சங்கத்தின் உபகரண விதிகளை அடிப்படையாகக் கொண்டுள்ளேன். அவ்விதிகளின்படி 9 அடி மேசையின் ஆடுபரப்பு 254 செ.மீ. நீளமும் 127 செ.மீ. அகலமும் கொண்டது, பந்தின் விட்டம் 57.15 மி.மீ. வீட்டு மேசையோ பொழுதுபோக்கு நிலைய மேசையோ இந்த அளவுகளுக்கு அப்படியே இணங்க வேண்டும் என்பதில்லை. ஆனால் எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரிந்தால்தான் எதை முதலில் சரிசெய்வது என்று முடிவு செய்ய இயலும். சோதனைகளுக்கு நல்ல நிலையில் உள்ள ஒரு செட் பந்துகள், ஒரு மீட்டர் நீள எஃகு நேர்விளிம்புச் சட்டம், நுண்ணிய இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ், டார்ச் விளக்கு, போல்ட்டுகளுக்கேற்ற சாக்கெட் ஸ்பானர், லேத் பட்டறைகளில் பயன்படுத்தும் நுண்ணிய ரசமட்டம் ஆகியவை போதும்.

மெதுவாக ஓடும் பந்து, நிற்கப் போகும் நேரத்தில் ஒருபக்கமாக வளைகிறது

மேசைகளைப் பற்றி மிக அதிகமாகக் கேட்கப்படும் புகார் இதுவே. மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. வேகமாகச் செல்லும் பந்து சாய்வைக் காட்டாது. வேகம் குறையக் குறைய, பந்து ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் அதிக நேரம் தங்குகிறது. சாய்வு அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது. ஆகவே சோதனை எப்போதும் மெதுவான பந்தைக் கொண்டே செய்யப்பட வேண்டும்.

பந்தை அடிக்கும் கோலான கியூவால் அடித்துச் சோதிக்காதீர்கள். எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் அறியாமல் சிறிது பக்கச் சுழற்சி சேர்ந்துவிடும். தடித்த அட்டை ஒன்றை நீளவாக்கில் மடித்து, ஒரு முனையைச் சற்றே உயர்த்தி, அந்த மடிப்பின் வழியே பந்தை உருளவிடுங்கள். முதலில் ஒரே பந்தை ஒரே கோட்டில் நான்கைந்து முறை விடுங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பக்கம் வளைந்தால் குறை பந்தில் இருக்கிறது: அது வட்டம் குறைந்திருக்கலாம், எடை மையம் விலகியிருக்கலாம், அல்லது கியூ நுனியில் தேய்க்கும் சாக்கின் தூள் ஒட்டியிருக்கலாம். பந்துகளைத் துடைத்து, வேறு பந்தைக் கொண்டு மீண்டும் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் வளைந்தால், அதே கோட்டில் எதிர்த்திசையிலிருந்து பந்தை விடுங்கள். இரு திசைகளிலும் பந்து அறையின் ஒரே சுவரை நோக்கி வளைந்தால் அது சாய்வு. போகும்போது வளைந்து, திரும்பும்போது நேராக வந்தால் துணியைச் சந்தேகியுங்கள். பூல் மேசைக்குரிய துணி முறுக்கு நூலில் நெய்த, மேற்பரப்பில் மயிரிழை இல்லாத கம்பளித் துணியாகும். அது எல்லாத் திசைகளிலும் ஏறக்குறைய ஒரேமாதிரி நடந்துகொள்ளும். ஸ்னூக்கர் துணியிலோ ஒரு திசையில் படிந்த மயிரிழை உண்டு. அதன் குறுக்கே மெதுவாக உருளும் பந்து அந்த இழை படிந்த பக்கமாக நகரும். பூல் மேசைக்கு ஸ்னூக்கர் துணி போடப்பட்டிருந்தால் எவ்வளவு மட்டம் பார்த்தாலும் இந்த வளைவு முழுமையாகப் போகாது.

சாய்வு என்று உறுதியான பிறகு அது எத்தகைய சாய்வு என்று பார்க்க வேண்டும். மேசையின் ஆறு பாக்கெட்டுகளின் அருகிலும் நடுவிலும், நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ரசமட்டத்தை வைத்து, அது காட்டுவதை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். எல்லா இடங்களிலும் ஒரே திசையில் ஒரே அளவு சாய்ந்திருந்தால் மேசை முழுவதுமாகச் சாய்ந்திருக்கிறது; தரையோ கால்களோ காரணம். இரு முனைகளிலும் எதிரெதிராகச் சாய்ந்து, பந்து எங்கிருந்து விட்டாலும் நடுப்பகுதியை நோக்கி வந்தால், சட்டகம் நடுவில் தொய்ந்திருக்கிறது. மூன்றில் ஒரு பகுதி மட்டும் மாறுபட்டால், மூன்று ஸ்லேட் பலகைகளில் ஒன்று தன் இடத்திலிருந்து இறங்கியிருக்கிறது.

எந்த ரசமட்டத்தை வைத்துப் பார்க்கிறோம் என்பது இங்கே மிக முக்கியம். துணியின் உருள்தடைக் கெழுவை, அதாவது உருளும் பந்தைத் துணி எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண்ணை, சுமார் 0.01 என்று கொண்டு கணக்கிட்டால், மீட்டருக்கு 1 மி.மீ. சாய்வுள்ள மேசையில் இரண்டு மீட்டர் மெதுவாக உருண்டு நிற்கும் பந்து ஏறத்தாழ 14 செ.மீ. விலகும். அது இரண்டு பந்துகளின் அகலத்தைவிட அதிகம். கொத்தனாரோ தச்சரோ வைத்திருக்கும் சாதாரண ரசமட்டத்தில், மீட்டருக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த சாய்வு குமிழியின் அசைவாகத் தெளிவாகத் தெரியாது. "ரசமட்டம் வைத்துப் பார்த்தோம், சரியாக இருக்கிறது" என்று சொல்பவரும் "பந்து ஓடுகிறது" என்று சொல்பவரும் இருவருமே உண்மை பேசுவது இதனால்தான். மீட்டருக்கு 0.1 மி.மீ.யையேனும் காட்டக்கூடிய பொறியியல் ரசமட்டம் வேண்டும்; அது கிடைக்காவிட்டால், மெதுவாக உருளும் பந்தே தச்சரின் ரசமட்டத்தைவிட நம்பத்தக்க கருவி. சங்கத்தின் விதி, ஆடுபரப்பின் தட்டைத்தன்மையில் நீளவாக்கில் 0.508 மி.மீ.க்கும் அகலவாக்கில் 0.254 மி.மீ.க்கும் மேல் விலகலை ஏற்பதில்லை என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், அந்த எண்கள் மிகையான கண்டிப்பு அல்ல என்பது விளங்கும்.

மேசை முழுவதும் சாய்ந்திருந்தால் கால்களில் உள்ள திருகுகளைக் கொண்டு சரிசெய்யலாம். திருகு இல்லாத கால்களுக்கு அடியில் கடினமான, சுருங்காத தகடுகளை வைக்க வேண்டும். மடித்த அட்டையும் ரப்பர் துண்டும் மேசையின் எடையில் நாளடைவில் நசுங்கிப் போகும். கால்களைத் திருகும்போது ஒவ்வொரு காலும் தரையில் பாரத்தோடு நிற்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஒரு கால் மட்டும் தளர்ந்து நின்றால், மட்டம் அன்று சரியாகத் தெரிந்தாலும் சட்டகம் முறுக்கேறி, சில வாரங்களில் புதிய சாய்வைக் கொடுக்கும்.

ஒரு பலகை மட்டும் இறங்கியிருந்தால் கால்களைத் தொடவே கூடாது. கால்கள் சட்டகத்துக்கு உரியவை. பலகைகளின் உயரத்தைச் சரிசெய்வதற்கென்றே சட்டகத்துக்கும் ஸ்லேட்டுக்கும் இடையில் மெல்லிய மர ஆப்புகள் செருகப்படுகின்றன. ஒரு பலகையின் குறையைக் காலில் திருத்த முயன்றால் சரியாக இருந்த மற்ற இரண்டும் கெடும். ஆப்பைத் தட்டும்போது அந்தப் பலகையைப் பிடித்திருக்கும் திருகுகளை முதலில் சற்றுத் தளர்த்தி, ஆப்பு இறங்கிய பின் மீண்டும் இறுக்க வேண்டும். நடுவில் தொய்ந்த சட்டகத்துக்கு ஆப்புகள் தற்காலிக உதவியே. அதன் குறுக்குச் சட்டங்களை வலுப்படுத்தாமல் ஆப்பை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் ஸ்லேட் இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் தாங்கப்பட்டு, விரிசல் விடும் அபாயம் உண்டு.

ஸ்லேட் கல் இவ்வளவு கவனத்துக்கு உரியதா என்று கேட்கலாம். லண்டனைச் சேர்ந்த ஜான் தர்ஸ்டன் 1826இல் பில்லியர்ட் மேசைக்கு ஸ்லேட் தளத்தைக் கொண்டுவரும் வரை மரத் தளங்களே இருந்தன. மரம் ஈரத்தில் விரிந்து, வெயிலில் சுருங்கி, ஆண்டுக்கு ஆண்டு தன் வடிவத்தை மாற்றிக்கொண்டது. ஸ்லேட் அடுக்கடுக்காகப் பிளக்கக்கூடியது, பிளந்த முகத்தைத் தட்டையாகத் தேய்க்க முடியும், ஈரத்துக்கு ஏறக்குறைய அசையாதது. அதன் ஒரே சிரமம் எடை. விதி கேட்கும் குறைந்தபட்சத் தடிமனான 2.54 செ.மீ. அளவில் 9 அடி மேசையின் ஸ்லேட் மட்டும் ஏறத்தாழ 250 முதல் 300 கிலோ வரை இருக்கும். இந்தப் பாரத்தைத் தாங்கும் சட்டகம் இல்லாமல் நல்ல ஸ்லேட் வாங்குவதில் பயனில்லை. அதேபோல், மேசையை நகர்த்தும்போது ரெயிலைப் பிடித்துத் தூக்குவதோ தரையில் இழுப்பதோ கூடாது.

பந்து குறிப்பிட்ட ஒரு கோட்டைக் கடக்கும்போது சற்றே துள்ளுகிறது, அல்லது ஒரு "டக்" ஒலி கேட்கிறது

மேசையின் நீளத்தை மூன்றாகப் பிரித்தால் வரும் இரண்டு குறுக்குக் கோடுகளில் இது நிகழ்ந்தால், காரணம் ஸ்லேட் இணைப்பு. அடுத்தடுத்த பலகைகள் 0.127 மி.மீ.க்குள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. துணியின் மேல் விரல் நுனியை மெதுவாக நகர்த்தினாலே இதைவிடப் பெரிய படி தெரிந்துவிடும். விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச்சைத் துணியோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால் இணைப்பின் நிழல் தெரியும்.

படி இருந்தால் மேற்சொன்ன ஆப்பு முறையே மருந்து. படி இல்லாமல் மேடு மட்டும் இருந்தால், இணைப்பை நிரப்பிய பொருள் உதிர்ந்து துணிக்கு அடியில் சிதறியிருக்கிறது. நிரப்புவதற்குத் தேன்மெழுகைப் பலர் விரும்புவதற்குக் காரணம் உண்டு: பலகைகள் சிறிது அசைந்தாலும் அது பொடியாகாது, சுமார் 62 பாகை செல்சியஸில்தான் உருகும் என்பதால் மேசை விளக்கின் சூட்டில் ஓடிவிடாது, மறுமுறை மட்டம் பார்க்கும்போது எளிதில் சுரண்டி எடுக்கலாம். வண்டிப் பட்டறைகளில் பயன்படும் பட்டியும் கெட்டியாகப் பிடிக்கும். ஆனால் சட்டகம் அசையும் மேசையில் அது வெடித்து மணலாகிவிடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை எந்த மேசைக்கும் பயன்படுத்தக் கூடாது.

இணைப்பிலிருந்து விலகிய இடத்தில் துள்ளல் இருந்தால், துணி போடும்போது மாட்டிக்கொண்ட ஒரு துகளோ, ஸ்லேட் திருகுகளின் குழிகளை நிரப்பிய பொருள் மேலெழுந்ததோ காரணம். துணியைத் தூக்காமல் இதற்கு வழியில்லை.

குஷனில் பட்ட பந்து உயிரில்லாமல் திரும்புகிறது

முதலில் குறை எங்கே இருக்கிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஒரு பந்தைக் கையால் ஒரே வேகத்தில், செங்குத்தாக, ஒவ்வொரு ரெயிலின் நீளத்திலும் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முறை தட்டிப் பாருங்கள். கண்ணைவிடக் காதை நம்புங்கள். ஒழுங்கான குஷன் எல்லா இடங்களிலும் ஒரே கெட்டியான, குறுகிய ஒலியைத் தரும். ஓரிடத்தில் மட்டும் ஒலி மொத்தையாக மாறி, அதே இடத்தில் பந்தும் குறைவாகத் திரும்பினால், அந்த இடத்துக்கு நேர்கீழே உள்ள போல்ட்டைப் பாருங்கள். சோதனைக்கு, ரெயிலின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மற்றொருவரை அடிக்கச் சொல்லுங்கள். மரம் கையில் அதிர்ந்தால் பந்தின் ஆற்றல் ரெயிலை ஆட்டுவதில் செலவாகிறது. ரப்பருக்கு அதில் பங்கில்லை.

பெரும்பாலான பூல் மேசைகளில் ரெயில்கள் ஸ்லேட்டின் அடியிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் போல்ட்டுகளால் பிணைக்கப்படுகின்றன. ஸ்னூக்கர் மேசைகளில் அவை பக்கவாட்டில் ஸ்லேட்டின் விளிம்புக்குள் செல்லும். எப்படியிருந்தாலும் மரம் உலர்ந்து சுருங்கும்போது இறுக்கம் குறையும். கடற்கரை நகரங்களில் மழைக்காலத்தில் ஊறிய மரம், குளிர்சாதனம் ஓடும் அறையில் மாதக்கணக்கில் உலரும்போது இது தவறாமல் நடக்கிறது. போல்ட்டுகளை ஒரே மூச்சில் முழுவதும் முறுக்காமல், நடுவிலிருந்து இருபுறமும் சிறிது சிறிதாக இறுக்குங்கள். போல்ட் முடிவின்றிச் சுற்றினால் மரத்துக்குள் பதித்த நட்டு பிடிமானம் இழந்திருக்கிறது. மென்மரத்திலும் அழுத்திய மரத்தூள் பலகையிலும் செய்த மலிவான ரெயில்களில் இது அதிகம். அத்தகைய நட்டைப் பெரிய தகடுள்ள ஒன்றாக மாற்றித்தான் ஆக வேண்டும்.

போல்ட்டுகள் இறுகியும் ஒரு பகுதி மட்டும் செத்திருந்தால், ரப்பர் மரத்திலிருந்து விட்டிருக்கலாம். குஷனின் நுனியைக் கட்டைவிரலால் மேலே தள்ளிப் பாருங்கள். பசை விட்ட இடத்தில் அது தனியாக அசையும். ஒரு ரெயில் முழுவதும், அல்லது ஆறு ரெயில்களும் ஒரேமாதிரி செத்திருந்தால்தான் ரப்பரே கெட்டது என்ற முடிவுக்கு வர வேண்டும். கெட்ட ரப்பர் இறுகிக் கல்லாகும். விரலால் அழுத்தினால் உள்வாங்காது. துணியைப் பிரித்துப் பார்த்தால் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் தெரியும்.

விதி தரும் வேகச் சோதனை எளியது. மேசையின் ஒரு முனையிலிருந்து கால் பங்கு நீளத்தில் நடுக்கோட்டில் உள்ள தலைப்புள்ளியிலிருந்து, எதிர்முனையில் அதேபோல் உள்ள அடிப்புள்ளியின் வழியே, கியூவை மட்டமாகப் பிடித்துப் பந்தின் நடுவில் உறுதியாக அடித்தால், பந்து துள்ளாமல் குறைந்தது 4 முதல் 4.5 மேசை நீளங்கள் ஓட வேண்டும். புதிய ரப்பர் தேவைப்பட்டால் ஆறு ரெயில்களுக்கும் ஒரே வகையை ஒரே நேரத்தில் போடுங்கள். செத்த ரெயிலுக்கு ஆட்டக்காரர் தன் கணக்கை மாற்றிக்கொள்வார். ரெயிலுக்கு ரெயில் மாறும் மேசைக்கு அவரால் எந்தக் கணக்கும் போட முடியாது. அமெரிக்கப் பூல் மேசைகளில் மிகப் பரவலாக உள்ள ரப்பர் வடிவம் கே-66 என்பது; ஆனால் வாங்கும் முன் உங்கள் ரெயில் மரத்தின் சரிவு எந்த வடிவத்துக்காக இழைக்கப்பட்டது என்று பார்த்துக்கொள்வது அவசியம். வேறு வடிவத்தை ஒட்டினால் அடுத்த அறிகுறி தோன்றும்.

வேகமாக அடித்தால் பந்து குஷனிலிருந்து துள்ளுகிறது. அல்லது குஷனுக்குள் புதைந்து மெதுவாக வெளிவருகிறது

இந்த இரண்டும் ஒரே குறையின் இரு முகங்கள். குஷன் நுனியின் உயரம் தவறாக இருக்கிறது.

பந்தின் மையத்துக்கு மேலே குஷன் தொட வேண்டும். கணக்கின்படி, விட்டத்தில் 70 விழுக்காடு உயரத்தில் படும் கிடைமட்ட உந்துதல் ஒரு பந்தைச் சறுக்கல் இல்லாமல் நேரடியாக உருளச் செய்யும். நடைமுறையில் ரப்பர் உள்வாங்கி, பந்தை மேலிருந்து அழுத்தவும் செய்வதால், அவ்வளவு உயரம் கூடாது. உலகச் சங்கம் அதை 63.5 விழுக்காடு என்று வகுத்து, ஒரு விழுக்காடு கூடவோ குறையவோ அனுமதிக்கிறது. 57.15 மி.மீ. பந்துக்கு அது 36.3 மி.மீ.; ஏற்கத்தக்க எல்லை 35.7 முதல் 36.9 மி.மீ. வரை. இதைவிடத் தாழ்ந்தால் பந்து நுனியின் மேல் ஏற முயன்று துள்ளும். உயர்ந்தால் நுனிக்கும் துணிக்கும் இடையில் பந்து சிக்கி, கீழ்நோக்கி அழுத்தப்பட்டு, வேகத்தை இழக்கும்.

அளப்பதற்கு, விறைப்பான அட்டையில் அடியிலிருந்து 36.3 மி.மீ. உயரத்தில் மெல்லிய கோடு வரைந்து, துணியின் மேல் செங்குத்தாக நிறுத்தி, குஷனைத் தொடும்வரை நகர்த்துங்கள். மிகவும் முன்தள்ளிய நுனி அந்தக் கோட்டில் படுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு ரெயிலிலும் இரு முனைகளிலும் நடுவிலும் பார்க்க வேண்டும். முனைகளில் சரியாகவும் நடுவில் தாழ்ந்தும் இருந்தால் நடு போல்ட் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டு ரெயில் வளைந்திருக்கலாம். முழு ரெயிலும் சீராகத் தாழ்ந்திருந்தால் ரெயிலுக்கும் ஸ்லேட்டுக்கும் இடையில் மெல்லிய, நசுங்காத பட்டைகளை முழு நீளத்துக்கும் வைத்து உயர்த்தலாம். உயர்ந்திருந்தால் தேர்ந்த தச்சர் ரெயிலின் அடிப்பகுதியை இழைக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் பந்து புதைகிறது என்றால் பந்தின் விட்டத்தை அளந்து பாருங்கள். நம் ஊர்களில் இது அரிதான காரணமல்ல. ஸ்னூக்கரின் விதிகள் 1882இல் உதகை கிளப்பில் வடிவம் பெற்றன. நம் பழைய கிளப்புகளின் மேசை மரபும் பந்து மரபும் ஆங்கிலேய மரபே. ஒரே மேசையில் ஸ்னூக்கரும் பூலும் ஆட விரும்பும் நிலையங்கள் இரண்டு வகைப் பந்துகளையும் வைத்திருக்கின்றன. ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மி.மீ. அதற்கு 36.3 மி.மீ. உயரக் குஷன் என்பது 69 விழுக்காடு. பந்து ஒவ்வொரு முறையும் அழுத்தப்படும். 50.8 மி.மீ. ஆங்கிலப் பூல் பந்துக்கு அது 71 விழுக்காட்டையும் தாண்டிவிடும். மாறாக, ஸ்னூக்கர் பந்துக்காக அமைத்த தாழ்ந்த குஷனில் 57.15 மி.மீ. பந்தை ஓங்கி அடித்தால் அது எகிறும். இரண்டுக்கும் பொதுவான ஓர் உயரத்தை அமைப்பது இரண்டு ஆட்டங்களையும் கெடுப்பதாகும். எந்த ஆட்டம் அதிகம் ஆடப்படுகிறதோ அதற்கு மேசையை முறையாக அமைத்துவிடுவதே நேர்மையான தீர்வு என்று கருதுகிறேன்.

ஒரே கோணத்தில் அடித்தாலும் ரெயிலுக்கு ரெயில் பந்து வேறு கோணத்தில் திரும்புகிறது

மேற்சொன்ன போல்ட், உயரம் இரண்டும் எல்லா ரெயில்களிலும் ஒத்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒத்திருந்தால் காரணம் ரெயில் துணியின் இழுவிசை. துணியை மிக இறுக்கமாக இழுத்துக் கட்டினால் ரப்பர் நுனி ஓய்வு நிலையிலேயே அழுத்தப்பட்டிருக்கும். தளர்வாக விட்டால் பந்து பட்ட கணத்தில் துணி சுருங்கிப் பிடிக்கும். ஆறு ரெயில்களையும் ஒரே கை, ஒரே நாளில், ஒரே இழுவையில் மூட வேண்டும். துணி புதிதாக இருக்கும்போது எல்லா ரெயில்களிலும் கோணம் சற்று விரிந்தே வரும், ஏனெனில் வழவழப்பான துணியில் பந்து சறுக்குகிறது. அது குறையல்ல, ஆட ஆடத் தணியும்.

சரியாக அடித்த பந்து பாக்கெட் வாயில் ஆடிவிட்டு வெளியே நிற்கிறது

மூலைப் பாக்கெட்டின் வாய் 11.43 முதல் 11.75 செ.மீ. வரையும், நடுப் பாக்கெட்டின் வாய் 12.7 முதல் 13.02 செ.மீ. வரையும் இருக்க வேண்டும். மூலைப் பாக்கெட்டை அளக்கக் கருவியே வேண்டாம்: 57.15 மி.மீ. பந்துகள் இரண்டை அருகருகே வைத்தால் சரியாக 11.43 செ.மீ. வரும். இரண்டு பந்துகளும் நுனிகளுக்கிடையே ஒன்றாக நுழையாவிட்டால் வாய் விதியைவிடக் குறுகியது.

வாய் அகலம் சரியாக இருந்தும் பந்து ஆடினால், முகப்பின், அதாவது பாக்கெட்டை நோக்கி வெட்டப்பட்ட குஷன் முனையின், கோணத்தைப் பார்க்க வேண்டும். குஷன் கோட்டுக்கும் பாக்கெட் முகப்புக்கும் இடையிலான கோணம் மூலையில் 142 பாகை, நடுவில் 104 பாகை. ஒரு பாகை கூடலாம், குறையலாம். மூலையில் 135 பாகையாக இருந்தால் இரு முகப்புகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். கோணம் அதற்கு மேல் கூடக் கூட, பாக்கெட்டின் உட்புற இடைவெளியான தொண்டை வாயைவிடக் குறுகும். தொண்டை மிகக் குறுகிய பாக்கெட்டில், ஒரு முகப்பில் பட்ட பந்து உள்ளே போவதற்குப் பதிலாக எதிர்முகப்புக்குத் தாவி, இரண்டுக்கும் நடுவில் ஆற்றலை இழந்து நின்றுவிடும். முகப்பின் மேல்விளிம்பு அடிவிளிம்பைவிடச் சற்று முன்தள்ளியிருக்கும்படி 12 முதல் 15 பாகைச் சரிவும் வேண்டும். அது இல்லாவிட்டால் வேகமான பந்து முகப்பில் ஏறி மேலே எழும்பும்.

கோணத்தை மாற்றுவது ரெயிலை வெட்டும் வேலை என்பதால் அதைக் கடைசியாக வையுங்கள். அதற்கு முன் முகப்பில் ஒட்டிய ரப்பர் துண்டுகளைச் சோதியுங்கள். குஷன் ரப்பரைவிடக் கடினமான இந்தத் துண்டுகள் 1.6 முதல் 6.35 மி.மீ. வரை தடிமன் உள்ளவை. ஒவ்வொரு பந்தின் அடியையும் வாங்குவதால் இவையே முதலில் தேய்ந்து, பசை விட்டு, துணிக்குள் தொங்குகின்றன. துணி மாற்றும்போது பன்னிரண்டு துண்டுகளையும் மாற்றிவிடுவது நல்லது.

முகப்பும் கோணமும் ஒழுங்காக இருந்து, மெதுவான பந்து மட்டும் விளிம்பில் நின்றுவிட்டால் அது பாக்கெட்டின் குறையல்ல. வாய்க்கோட்டிலிருந்து ஸ்லேட்டின் வெட்டுவிளிம்பு வரையுள்ள பரப்பு மூலையில் 2.54 முதல் 5.72 செ.மீ. வரை இருக்கலாம். அகன்ற விளிம்புள்ள மேசையில் பந்து விழக் கூடுதல் வேகம் தேவை. அந்த மேசையின் இயல்பு அது.

மேசை முழுவதும் மந்தமாக இருக்கிறது

சட்டகத்திலோ குஷனிலோ கை வைக்கும் முன் துணியை நுணுகிப் பாருங்கள். நடுவில் துணியைக் கிள்ளித் தூக்கினால் எளிதில் எழும்பக் கூடாது. போட்டித் தரத் துணியில் குறைந்தது 85 விழுக்காடு கம்பளியும் மீதி நைலானும் இருக்கும். இரண்டும் காற்றின் ஈரத்தை உறிஞ்சுபவை. இரவு முழுவதும் குளிர்சாதனத்தை அணைத்து ஜன்னல்களைத் திறந்து வைத்த அறையில், மறுநாள் காலை மேசை மந்தமாக ஆடுவதற்கு இதுவே காரணம். உயர்தரப் போட்டிகளில் ஸ்னூக்கர் மேசைகளுக்கும் பாக்கெட் இல்லாத கேரம் பில்லியர்ட் மேசைகளுக்கும் ஸ்லேட்டின் அடியில் வெப்பமூட்டிகள் வைத்துத் துணியை உலர்வாகப் பேணுகிறார்கள். நம் அறைகளில் ஈரப்பதத்தை இரவும் பகலும் சீராக வைத்திருந்தாலே பெரும்பகுதி சரியாகும். துணியை மென்மையான தூரிகையாலும் உறிஞ்சும் இயந்திரத்தாலும் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் தெளித்துத் துடைக்காதீர்கள்.

தளம் ஸ்லேட் அல்லாமல், மர இழைகளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையாக இருந்தால், மந்தத்தோடு பரவலான வளைவும் சேர்ந்து தெரியும். ஈரம் குடித்து உப்பிய பலகையை எந்த ஆப்பும் தட்டையாக்காது. அதற்குப் புதுத் துணி போடுவது வீண்.

சாய்ந்து நின்றால் மேசை அசைகிறது. சரிசெய்த மட்டம் நிலைப்பதில்லை

விதிப்படி, மேசையின் நடுவில் சுமார் 90 கிலோ பாரத்தை வைத்தாலும் தளம் 0.762 மி.மீ.க்கு மேல் தாழக் கூடாது. வீட்டில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். அதற்குப் பதிலாக ரசமட்டத்தை நடுவில் வைத்து, ஒருவர் நீளப்பக்க ரெயிலின் மேல் ஆட்டத்தின்போது சாய்வதுபோலச் சாயட்டும். குமிழி நகர்ந்து, அவர் விலகியதும் பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால் சட்டகத்தின் இணைப்புகள் நழுவுகின்றன. காலும் சட்டகமும் சேரும் போல்ட்டுகள், குறுக்குச் சட்டங்களின் முனைகள், மரத்தூள் பலகையில் செய்த கால்களின் திருகு ஓட்டைகள் ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். மாடியில் வைத்த மேசையாக இருந்தால், அறையின் நடுவைவிடச் சுவர் அல்லது உத்தரத்தை ஒட்டிய இடத்தில் தளம் குறைவாக அசையும். ஆனால் கியூவை முழுவதும் பின்னிழுக்க நான்கு பக்கமும் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் இடம் தேவைப்படுவதால் இதற்கு வரம்பு உண்டு.

சட்டகத்தை இறுக்கிய பின் ஸ்லேட் மட்டம், இணைப்பு மெழுகு, ரெயில் போல்ட்டுகள், குஷன் உயரம் என்ற வரிசையில் மேலேறி வாருங்கள். மரம் புதிய பாரப் பங்கீட்டுக்கு அமர்வதற்குச் சில வாரங்கள் ஆகும். ஆகவே ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, முதலில் வரைந்து வைத்த தாளை எடுத்துக்கொண்டு அதே இடங்களில் ரசமட்டத்தை மீண்டும் வைத்துப் பாருங்கள். துணி மாற்றும் செலவை அதன் பிறகு செய்யுங்கள்.